நியூஸ் பாக்குற பழக்கத்தை மட்டும் நம்பி பொலிட்டிகல் சயின்ஸ் சேராதீங்க, ப்ளீஸ்

இந்த வாரம் இன்னொரு பொண்ணு வந்து நின்னா. முதல் செமஸ்டரே முடியல, அதுக்குள்ள கோர்ஸ் மாத்திக்கணுமாம். நல்லா பேசுற பொண்ணு, ஸ்கூல்ல டிபேட்னா முதல் ஆளா நின்னவ, தினமும் பேப்பர் ஒரு வரி விடாம படிக்கிறவ. "மேடம், பாலிடிக்ஸ் படிக்கத்தானே வந்தேன், இதுல எதுக்கு மேடம் ஸ்டாடிஸ்டிக்ஸ்?"னு கேட்டவ அடுத்த வார்த்தை வராம அழுதுட்டா. அவ மேல எனக்கு துளி கோவம் இல்ல. சேர்றதுக்கு முன்னாடி சிலபஸை எடுத்து வச்சு அவகிட்ட பத்து நிமிஷம் பேச ஒரு பெரியவங்க கூடவா இல்லாம போயிட்டாங்கன்னுதான் கோவம். வருஷா வருஷம் இதே கேள்வி, இதே அழுகை. வர்ற ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் தனித்தனியா சொல்றதை ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

நான் பல்கலைக்கழகத்துல அரசறிவியல் பாடம் எடுக்குறேன், டிகிரி பண்ற பிள்ளைங்களுக்கு ஆலோசனை சொல்ற பொறுப்பும் என்கிட்டதான் இருக்கு. சேரலாமான்னு கேட்டு வர்றவங்களும் விட்டுட்டுப் போறேன்னு வர்றவங்களும் ஒரே டேபிளுக்குத்தான் வராங்க, அதனால ரெண்டு பக்கமும் எனக்கு நல்லாவே தெரியும்.

முதல்ல பெத்தவங்க கேக்குற கேள்வியை முடிச்சிடறேன், அது சின்னது. "இதைப் படிச்சுட்டு கட்சியில போய் சேர்ந்துடுவானா?" அரசியல்வாதி ஆக இந்த டிகிரி தேவையே இல்லைங்க. பிரிட்டன் பிரதமரா இருந்த மார்கரெட் தாட்சர் படிச்சது கெமிஸ்ட்ரி. ஜெர்மனியோட தலைமை அமைச்சரா இருந்த ஏஞ்சலா மெர்கல் ஃபிசிக்ஸ் படிச்சு குவாண்டம் கெமிஸ்ட்ரியில டாக்டர் பட்டம் வாங்கினவங்க. அமெரிக்க ஜனாதிபதிகள்ல பிஎச்டி வாங்கின ஒரே ஆள் உட்ரோ வில்சன், அவர் மட்டும் நம்ம துறை, 1886ல. அதிகாரத்துக்குப் போறது ஒரு வேலை, அதிகாரம் யார்கிட்ட எப்படி சேருது, எப்படி கை மாறுது, எதனால தடுக்கப்படுதுன்னு ஆராயறது வேற வேலை, நாங்க சொல்லிக் கொடுக்கிறது ரெண்டாவதை. பிள்ளை கட்சியில சேர்றதும் சேராததும் அவங்கவங்க இஷ்டம், அதுக்கும் கோர்ஸுக்கும் முடிச்சுப் போடாதீங்க.

இப்போ என்னை நிஜமா நோகடிக்கிற விஷயத்துக்கு வர்றேன். "எனக்கு பாலிடிக்ஸ்னா உயிர் மேடம், எல்லா விஷயத்துலயும் எனக்குன்னு ஒரு கருத்து இருக்கு, அதனால இது எனக்கு ஈஸியா வரும்." இதை எத்தனை வாய் சொல்லிக் கேட்டுட்டேன். பிள்ளைங்களை விடுங்க, கூட வர்ற பெரியவங்களும் "இவன் எப்பவும் நியூஸ் சேனல்தான், நல்லா வருவான்"னு பெருமையா சொல்றாங்க. ஆர்வம் வேணும், அது இல்லாம இந்த டிகிரியை இழுக்கவே முடியாது. ஆனா உங்க கருத்துக்கு இங்க மார்க் இல்ல. அந்தக் கருத்துக்கு நீங்க எப்படி வந்து சேர்ந்தீங்க, அதுக்கு எதிரா இருக்கிற ஆதாரத்தை என்ன பண்ணீங்க, மார்க் அதுக்குத்தான். இந்த ஒரு வித்தியாசம் புரியாமத்தான் நல்ல நல்ல பிள்ளைங்க முதல் வருஷத்துல உடைஞ்சு போறாங்க.

ஒரு அசைன்மென்ட்டைக் காட்டுறேன், யாரோடதுன்னு தெரியாதபடி மாத்தித்தான் சொல்றேன். கேள்வி, தேர்தல் முறை கட்சிகளோட எண்ணிக்கையை எப்படி பாதிக்குது. முதல் வரி, "இன்றைய அரசியல் சீரழிந்துவிட்டது என்பது அனைவரும் அறிந்ததே." ஓரத்துல நான் எழுதினது, "எந்தக் காலத்தோட ஒப்பிட்டு? எதை வச்சு அளந்தே?" அடுத்த பத்தி, "மக்கள் பணத்திற்காகவே வாக்களிக்கின்றனர்." மறுபடியும் ஓரத்துல, "எந்த மக்கள், எந்த ஊர், யார் ஆய்வு பண்ணாங்க?" அப்புறம் எந்தக் கட்சி நாட்டைக் கெடுத்துச்சுன்னு ஒரு முழுப் பக்கம், ரொம்ப உணர்ச்சியோட, நல்ல நடையில. கேட்ட கேள்விக்கு பதில் கடைசியில ரெண்டே வரி. ஒரு தொகுதிக்கு ஒரு இடம், அதிக ஓட்டு வாங்கினவர் ஜெயிப்பார்ங்கிற முறை நாளடைவில ரெண்டு பெரிய கட்சிகளை நோக்கித் தள்ளும்னு பிரெஞ்சு அரசறிவியல் அறிஞர் மாரிஸ் டுவெர்ஜே 1951ல எழுதினாரே, வகுப்புல ஒரு வாரம் பேசினோமே, அந்தப் பேரே இல்ல. அவர் சொன்னது சரின்னா இந்தியாவுலயும் கனடாவுலயும் அதே முறையை வச்சுக்கிட்டு எப்படி இத்தனை கட்சி உயிரோட இருக்குன்னு ஒரு கேள்வி வருமே, அதைத் தொட்டிருந்தா கூட நான் சந்தோஷமா மார்க் போட்டிருப்பேன்.

அந்தப் பையன் வந்து கேட்டான், "மேடம், என் கருத்து உங்களுக்குப் பிடிக்கலையா?" எவ்வளவு நோகும் தெரியுமா. அவன் எந்தக் கட்சிப் பக்கம்னு எனக்கு அக்கறையே இல்ல, அதே எழுத்தை எதிர்க்கட்சியைத் திட்டி எழுதியிருந்தாலும் அதே மார்க்தான்.

வகுப்புல நான் தவறாம எடுக்கிற ஒரு உதாரணம் இருக்கு. 2015 பிரிட்டன் பொதுத் தேர்தல். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளிய வரணும்னு சொன்ன யூகிப் கட்சிக்கு நாடு முழுக்க 12.6 சதவீத ஓட்டு, கிடைச்சது 1 சீட். ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு 4.7 சதவீதம், கிடைச்சது 56 சீட். போர்டுல இந்த நம்பரை எழுதினதும் நியூஸ் பழக்கத்தோட வந்த பிள்ளைங்க உடனே "மோசடி", "மீடியா சதி"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ஓட்டு எங்கெங்க விழுந்துச்சுன்னு தொகுதி வாரியா பாத்தா போதும். ஒருத்தரோட ஓட்டு நாடு பூரா பரவிக் கிடக்கு, அதனால கிட்டத்தட்ட எந்தத் தொகுதியிலயும் முதல் இடம் வரல, இன்னொருத்தரோட ஓட்டு ஒரே பகுதியில குவிஞ்சு கிடக்கு. விதி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அந்த விதி நியாயமானதான்னு கேளுங்க, தாராளமா கேளுங்க, அது அருமையான கேள்வி, ஆனா மோசடின்னு சொன்னா அதுக்கு வேற ஆதாரம் வேணும். இந்த நிதானத்தைக் கத்துக்கத்தான் மூணு நாலு வருஷம் ஆகுது.

இன்னொண்ணும் சொல்லணும், ஏன்னா எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் இது. மூணு பேர், மூணு வேட்பாளர், அ, ஆ, இ. முதல் ஆளோட வரிசை அ, ஆ, இ. ரெண்டாவது ஆளுக்கு ஆ, இ, அ. மூணாவது ஆளுக்கு இ, அ, ஆ. இப்போ ரெண்டு ரெண்டு பேரா மோத விடுங்க. அவும் ஆவும் நின்னா 2க்கு 1ல அ ஜெயிக்கும். ஆவும் இயும் நின்னா ஆ ஜெயிக்கும். அப்போ 'அ'தான் பெஸ்ட்னு நினைப்போம் இல்லையா, ஆனா அவும் இயும் நின்னா இ ஜெயிச்சிடும். தனித்தனியா பாத்தா ஒவ்வொருத்தரும் தெளிவாத்தான் இருக்காங்க, கூட்டிப் பாத்தா சுத்திக்கிட்டே போகுது. பிரெஞ்சு சிந்தனையாளர் கொண்டோர்சே இதை 1785லயே எழுதிட்டார், அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1951ல இதை இன்னும் ஆழமா கணக்கா நிரூபிச்சார். இதை ஒரு தடவை பேப்பர்ல போட்டுப் பாத்த பிள்ளை அப்புறம் "மக்கள் விரும்புறது இதைத்தான்"னு அசால்ட்டா எழுதாது, பேனா ஒரு நிமிஷம் நிக்கும். எனக்கு அந்த ஒரு நிமிஷம் போதும்.

சரி, ஸ்டாடிஸ்டிக்ஸ். ஆமா, பெரும்பாலான இடங்கள்ல ஆய்வு முறைகள்னு ஒரு பேப்பர் கட்டாயம் இருக்கும், அதுல சர்வே, சாம்பிள், ரிக்ரெஷன் (ஒண்ணு மாறினா இன்னொண்ணு எவ்வளவு மாறுதுன்னு போடுற கணக்கு) எல்லாம் வரும். ஏன்னு கேட்டா 1936ஐ சொல்லுவேன். அமெரிக்காவுல லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை கிட்டத்தட்ட 1 கோடி பேருக்கு கார்டு அனுப்பி ஜனாதிபதி தேர்தல் கணிப்பு எடுத்துச்சு, 20 லட்சத்துக்கும் மேல பதில் வந்துச்சு, அதை வச்சு, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ன லேண்டன் ஜெயிப்பார்னு அடிச்சுச் சொன்னாங்க. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46ல ஜெயிச்சார். அதே தேர்தலுக்குக் கணிப்பு எடுத்த ஜார்ஜ் கேலப் அதைவிட ரொம்பச் சின்ன சாம்பிளை வச்சு யார் ஜெயிப்பாங்கன்னு சரியா சொல்லிட்டார். டெலிபோன் வச்சிருந்தவங்க, கார் வச்சிருந்தவங்க லிஸ்ட்லேர்ந்து பேர் எடுத்தா, அதுவும் பதில் போட விரும்பினவங்க மட்டும் பதில் போட்டா, எத்தனை லட்சம் வந்தும் பிரயோஜனம் இல்ல. இது புரியாத ஆள் ஒரு கருத்துக்கணிப்பை டிவியில பாத்துட்டு என்னத்தை விவாதிக்க முடியும், சொல்லுங்க. அதனால கணக்கைக் கண்டு ஓடாதீங்க. எஞ்சினியரிங் அளவுக்கு ஒண்ணும் கேக்க மாட்டோம், சதவீதமும் சராசரியும் வரைபடம் படிக்கிறதும் கைக்கு வந்தா மீதியை நாங்க சொல்லித் தர்றோம்.

எலினார் ஆஸ்ட்ரமை நினைச்சுக்கோங்க. ஸ்கூல்ல அவங்களை திரிகோணமிதி எடுக்க விடல, அந்தக் கணக்கு இல்லைன்னு பொருளாதார பிஎச்டியில இடம் கிடைக்கல, பொலிட்டிகல் சயின்ஸ்ல சேர்ந்தாங்க. பொதுவான தண்ணி, காடு, மீன்பிடி இடத்தையெல்லாம் அரசாங்கமும் இல்லாம தனியார்கிட்டயும் கொடுக்காம ஜனங்களே விதி போட்டு எப்படிக் காப்பாத்துறாங்கன்னு நேர்ல போய் போய் ஆராய்ஞ்சாங்க. 2009ல பொருளாதார நோபல் வாங்கின முதல் பெண் அவங்கதான். "இதைப் படிச்சு என்ன கிழிக்கப் போற"ன்னு பிள்ளையைக் கேக்குறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு இவங்க பேரைத் தேடிப் படிங்க.

இப்போ சேரப் போறவங்களுக்கு. டிகிரி பேரைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. பொலிட்டிகல் சயின்ஸ், இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ், பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன், பொருளாதாரம் தத்துவத்தோட சேர்த்துத் தர்ற படிப்பு, எல்லாம் பக்கத்து பக்கத்து வீடுதான், ஆனா உள்ள வேற வேற. மூணு வருஷமோ நாலு வருஷமோ, மொத்த சிலபஸையும் டவுன்லோட் பண்ணி, எது கட்டாயம் எது விருப்பப் பாடம்னு கோடு போடுங்க. கட்டாயப் பேப்பர்கள்ல பாதி உங்களுக்கு ஆர்வமே இல்லைன்னா சேராதீங்க, அவ்வளவுதான். முதல் வருஷ ரீடிங் லிஸ்ட்ல ஒரு கட்டுரையை எடுத்து முழுசா படிச்சுப் பாருங்க, ஆங்கிலேய அரசியல் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் எழுதின 'லெவியாதன்'ல பத்து பக்கம் பொறுமையா படிங்க, 1651ல எழுதினது, கஷ்டமாத்தான் இருக்கும். கஷ்டப்பட்டும் "இவர் என்னதான் சொல்ல வர்றார்"னு தோணுச்சா, நீங்க எங்க ஆளு. வாரா வாரம் படிக்கிறது நிறைய இருக்கும், அதைக் குறைச்சுச் சொல்லி யாரையும் ஏமாத்த எனக்கு மனசு வரல.

ஏற்கனவே உள்ள இருக்கிறவங்களுக்கு ரெண்டு திட்டு. ஏஐகிட்ட அசைன்மென்ட் எழுதச் சொல்லி கொண்டு வர்றதை நிறுத்துங்க, இல்லாத புத்தகத்துக்கு அடிக்குறிப்பு போட்டு வருது அது, நான் லைப்ரரியில தேடி நேரம் வீணாப் போகுது, கடைசியில மாட்டிக்கிறது நீங்கதான். அடுத்தது, வாட்ஸ்அப் குரூப்ல ஒரு கூகுள் ஃபார்ம் போட்டு நூறு பேர் பதிலை வாங்கிட்டு "மக்களின் மனநிலை"ன்னு ப்ராஜெக்ட் எழுதாதீங்க, 1936 கதையை இப்பத்தான் சொன்னேன். ஜனங்ககிட்ட போய் யாருக்கு ஓட்டு போட்டீங்கன்னு கேக்குறதுக்கு முன்னாடி நெறிமுறைக் குழு அனுமதி வாங்கணும், பேர் வெளிய வராதுன்னு உறுதி கொடுக்கணும், சில இடங்கள்ல அந்தப் பதில் ஒருத்தரோட வேலையையோ உயிரையோ பாதிக்கலாம், இதுல மட்டும் நான் எந்த சமாதானமும் கேக்க மாட்டேன்.

வேலை கிடைக்குமான்னா, இந்த டிகிரிக்கு வாசல்ல ஒரே ஒரு வேலை காத்துக்கிட்டு நிக்காது, அது உண்மை. அரசு நிர்வாகம், கொள்கை ஆய்வு, பத்திரிகை, சர்வே கம்பெனிகள், தொண்டு நிறுவனங்கள், மேற்படிப்பு வழியா சட்டம், ஆசிரியப் பணின்னு பிரிஞ்சு பிரிஞ்சு போவாங்க. அதனால ரெண்டாவது வருஷத்துலேர்ந்தே ஒரு இன்டர்ன்ஷிப், இன்னொரு மொழி, டேட்டா கையாளத் தெரிஞ்ச ஒரு சாஃப்ட்வேர், இதுல ஏதாவது ரெண்டையாவது சேர்த்துக்கோங்க. கடைசி செமஸ்டர்ல ஓடி வந்து "என்ன மேடம் பண்றது"ன்னு கேட்டா என்னாலயும் பெருசா ஒண்ணும் பண்ண முடியாது.

அம்மா அப்பாவுக்கு ஒரே வேண்டுகோள். பிள்ளைக்கு வேற எதுலயும் சீட் கிடைக்கல, சும்மா இருக்கிறதுக்கு இதையாவது படிக்கட்டும்னு கொண்டு வந்து சேர்க்காதீங்க. அதே மாதிரி ஆசைப்பட்டு வர்ற பிள்ளையை "வெட்டிப் படிப்பு"ன்னு வருஷம் முழுக்க குத்திக் காட்டாதீங்க, அந்தப் பேச்சைத் தூக்கிக்கிட்டுத்தான் அவங்க என் ரூமுக்கு வர்றாங்க.

சேர்ந்துட்டோம், முடியல, புரியலைன்னு இருக்கிற பிள்ளைங்க வகுப்புக்கு வராம ஒளிஞ்சுக்காதீங்க. மெத்தட்ஸ் பேப்பர்ல முதல் டெஸ்ட்ல ஃபெயில் ஆகுறவங்க நிறைய பேர் வருஷக் கடைசியில நல்லா பாஸ் பண்ணிப் போறதை நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். கோர்ஸ் மாத்திக்க எல்லா யூனிவர்சிட்டியிலயும் ஒரு கடைசி தேதி இருக்கும், உங்களோடது என்னைக்குன்னு இன்னைக்கே ஆபீஸ்ல கேட்டுக்கோங்க, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியாவது உங்க டீச்சர் யாரையாவது போய்ப் பாருங்க. மார்க் வாங்கின பேப்பரையும் எடுத்துக்கிட்டு போங்க, ஓரத்துல எழுதியிருக்கிறதை வச்சுத்தான் எங்களால ஏதாவது சொல்ல முடியும்.