ஈஸ்போர்ட்ஸ்: மாமா காதில் விழுந்த ‘இ’

மதுரை செல்லூரில் ஒரு காதுகுத்து. கிடா விருந்துப் பந்தியில் என் அக்கா மகன் எனக்குப் பக்கத்து இலை. பரிமாற வந்த மாமா ஒருத்தர், “காலேஜ் முடிச்சுட்டு என்ன மாப்ள செய்யிற?” என்றார்.

“ஈஸ்போர்ட்ஸ் பிளேயர் மாமா.”

“இஸ்போர்ட்ஸா! ரொம்ப நல்லது. ரயில்வேல இஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஆள் எடுக்குறாய்ங்களாம்ல, எழுதிப் போடு.”

பையன் என்னைப் பார்த்தான். நான் எலும்பைக் கடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

மாமா மேல் தப்பே இல்லை. தமிழில் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ஸ்கூல் ‘இஸ்கூல்’ ஆனதும் ஸ்டேஷன் ‘இஸ்டேஷன்’ ஆனதும் அதனால்தான். ஸ்போர்ட்ஸுக்கு முன்னால் நாம் வைக்கும் ‘இ’ நாக்கின் வசதிக்கு. பையன் சொன்ன ‘ஈ’யோ எலெக்ட்ரானிக் என்ற சொல்லின் தலையெழுத்து.

கணினியிலும் கைபேசியிலும் ஆடும் ஆட்டங்களைப் போட்டியாக ஆடுவதுதான் ஈஸ்போர்ட்ஸ். கணினியில் ஆள் வைத்துப் போட்டி நடத்துவது பழைய சங்கதி. 1972 அக்டோபரில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ‘ஸ்பேஸ்வார்’ என்ற ஆட்டத்துக்குப் போட்டி வைத்தார்கள். பரிசு, ஒரு பத்திரிகைக்கு ஓராண்டுச் சந்தா. ஆனால் ஈஸ்போர்ட்ஸ் என்ற பெயர் பரவியது 2000-ஐ ஒட்டித்தான். தென்கொரியா அந்த ஆண்டே இதற்கென ஒரு சங்கம் வைத்துவிட்டது.

‘ஸ்போர்ட்’ என்ற சொல்லின் பூர்வீகம் பழைய பிரெஞ்சு. ‘தெஸ்போர்’ என்றால் அப்பால் கொண்டுபோவது. வேலையிலிருந்தும் கவலையிலிருந்தும் மனசை நகர்த்துவது. ஆங்கிலத்துக்குள் ‘டிஸ்போர்ட்’ என்று நுழைந்து, தலை வெட்டுப்பட்டு ‘ஸ்போர்ட்’ என நின்றது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில், உவகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என அடுக்கி, ‘அல்லல் நீத்த உவகை’ என்கிறது. அல்லலை நீக்குவது இங்கே, கவலைக்கு அப்பால் கொண்டுபோவது அங்கே. ஒன்றையொன்று பார்க்காத இரண்டு மொழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

ஆகவே ஸ்போர்ட்டுக்கு விளையாட்டு. சிக்கலும் அங்கேதான் ஆரம்பம். தமிழில் இந்தச் சொல்லுக்குக் கனம் கம்மி. ‘விளையாட்டாச் சொன்னேன்’, ‘விளையாட்டுப் பிள்ளை’, ‘விளையாட்டு வினையாகும்’ என்று வீட்டுக்குள் அது படும் பாட்டைப் பாருங்கள். இத்தனைக்கும் மதுரையில் கடவுளே அறுபத்து நான்கு முறை விளையாடியவர். ஆவணி புட்டுத் திருவிழாவில் கொண்டாடுவது என்ன? வந்திக் கிழவியிடம் புட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டு, வைகைக் கரை அடைக்காமல் ஆடிப்பாடித் திரிந்த ஆளுக்கு விழுந்த பிரம்படியை. வேலை வேறு, விளையாட்டு வேறு என்ற கணக்கில் விழுந்த அடி அது. விளையாட்டே கூலிவேலையாக இருக்கும் பையனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அக்காவுக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை.

அவன் வேலையைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறேன். வில்லாபுரத்தில் மாடியறை. மைக்கில் இரைச்சல் கேட்கும் என்று சித்திரை வெயிலிலும் ஃபேனை அணைத்துவிடுவான். வேர்வையில் கைபேசித் திரை வழுக்காமலிருக்க இரண்டு கட்டைவிரலிலும் மெல்லிய துணியுறை. மதியம் தொடங்கினால் இரவு வரை ‘ஸ்க்ரிம்’, அதாவது மற்ற அணிகளோடு பயிற்சி ஆட்டம். நான்கு பேர் அணியில் ‘ஐஜிஎல்’ என்று ஒருவன் இருப்பான். எங்கே இறங்குவது, எப்போது பாய்வது என்று ஆட்டத்துக்குள் இருந்தபடியே உத்தரவு போடுபவன். களத்தலைவன் என்றால் கச்சிதம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘இணையவழி விளையாட்டு’ என்றால் ரம்மியும் உள்ளே வந்துவிடும். அந்தப் பேச்சை எடுத்தாலே அக்கா முகம் சுருங்கும். சட்டமும் இப்போது பிரித்துத்தான் பார்க்கிறது. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு ஈஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் வைத்தது. 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடுத்து, இதைத் தனியே நிறுத்தியது. நுழைவுக் கட்டணமும் பரிசுப் பணமும் இருக்கலாம், பந்தயம் கூடாது. ‘காணொளி விளையாட்டு’ வீடியோ கேமுக்குச் சரி. பொழுதுபோக்காக ஆடுவதும் அதில் அடங்கும். ‘மின்னணு விளையாட்டு’ பொருளில் பிசகில்லை, வாயில்தான் நீளம். மின்னஞ்சல், மின்னூல் வரிசையில் ‘மின்விளையாட்டு’ தானாக உட்காருகிறது. என் ஓட்டு அதற்கே. குழப்பம் வரும் இடத்தில் மின்விளையாட்டுப் போட்டி என்று நீட்டிக்கொள்ளலாம்.

ஆடுபவருக்கு? அலங்காநல்லூரில் காளையின் திமிலைப் பிடிப்பவர் மாடுபிடி வீரர். ஆகவே இவன் மின்விளையாட்டு வீரர். சம்பளம் வாங்கினால் முன்னால் ‘தொழில்முறை’ சேரும். உட்கார்ந்தபடி வீரமா என்பவர்களுக்கு: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டு காட்சிப் போட்டியாக இருந்தது, 2023-ல் ஹாங்ஜோவில் பதக்கப் போட்டியாகிவிட்டது. தென்கொரியாவின் மின்விளையாட்டு வீரர் ‘ஃபேக்கர்’ அங்கே தங்கம் வாங்கிய அணியில் இருந்தார். அதனால் அவருக்குக் கட்டாய ராணுவச் சேவையே விலக்காயிற்று. நம்மவன் கதை நேர்மாறு. வங்கிப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘வீரர்’ என்று எழுதினான். கவுன்டரில் இருந்தவர் எழுந்து நின்று, “எந்த ரெஜிமென்ட் தம்பி?” என்று கேட்டார்.

கடைசியாக ஒரு சொல், அரங்கு. ‘அரங்கின்றி வட்டாடியற்றே’ என்கிறது குறள். அங்கே அரங்கு என்பது காய் உருட்டக் கட்டம் வரைந்த இடம். மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் பகடையும் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. கட்டம் போட்டு ஆடிய ஊர்தான் இது. அந்தக் கட்டத்தை யாரும் கரிக்கட்டியால் போட்டுக்கொள்ளலாம், கபடிக்கு மண்ணில் கோடு கிழிப்பது மாதிரி. மின்விளையாட்டில் அரங்கு ஒரு நிறுவனத்தின் சொத்து. 2022 ஜூலையில், பையன் ஆடும் பிஜிஎம்ஐ என்ற கைபேசித் துப்பாக்கிச்சண்டை ஆட்டம் ஆப் கடைகளிலிருந்து தூக்கப்பட்டது. திரும்பியது 2023 மே மாதக் கடைசியில். பத்து மாதம். அந்தப் பத்து மாதமும் பையன் மாட்டுத்தாவணியில் அவன் சித்தப்பாவின் பழக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். கட்டைவிரல் உறை மட்டும் சட்டைப் பையிலேயே இருந்தது.