பெருங்குடலைப் பார்க்கப் போன குழாய், கொஞ்சம் தாண்டியும் பார்க்கலாமா?

கொலோனோஸ்கோப்பி பெருங்குடலுக்கான பரிசோதனை. ஆசனவாய் வழியே நுழையும் கேமராக் குழாய் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலைக் கடந்து, குடல்வாலின் துளை தெரிகிற இடத்தை எட்டினால் வந்த வேலை முடிந்தது. ஆனால் அங்கிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, ஒரு மடிப்பின் ஓரத்தில், சிறுகுடலுக்கான வால்வு இருக்கிறது. அதைத் தாண்டினால் இலியம் என்கிற சிறுகுடலின் கடைசிப் பகுதி.

வால்வின் வாய் பெரும்பாலும் மடிப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும். குடல்வால் துளையின் வளைவை ஒரு வில்லாக நினைத்துக்கொண்டு, அதில் பூட்டிய அம்பு எந்தப் பக்கம் பாயுமோ அந்தப் பக்கம் குழாயின் நுனியை வளைத்து மெல்லப் பின்னுக்கு இழுப்பார்கள். உள்ளே உப்பியிருக்கும் காற்றையும் சற்று உறிஞ்சி எடுத்தால் வால்வு இளகி வழிவிடும். பழகிய கைக்கு பெரும்பாலும் ஓரிரு நிமிடம்தான் கூடுதல். நுழைந்துவிட்டோம் என்பதற்கு அடையாளம் குடலுறிஞ்சிகள்: தண்ணீர் பாய்ச்சினால் மெல்லிய நீட்சிகள் மிதந்து ஆடும். பெருங்குடலில் இவை கிடையாது.

சரி, அங்கே அப்படி என்ன இருக்கிறது? குடல் காசநோய்க்கும் (டிபி), குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் க்ரோன் நோய்க்கும் மிகப் பிடித்த இடம் இதுதான். இந்தியாவில் இரண்டுமே உண்டு. வயிற்றுவலி, எடைக்குறைவு, காய்ச்சல் என்று அறிகுறிகளும் ஒன்றுபோலவே இருக்கும். புண் குடலைச் சுற்றிக் குறுக்கே ஓடினால் டிபி, நீளவாக்கில் ஓடினால் க்ரோன் என்று சந்தேகிப்பார்கள். கண்ணால் பார்த்தது மட்டும் போதாது, சிறு திசுத் துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும் வேண்டும். அதிலும் தெளிவு கிடைக்காவிட்டால், முதலில் டிபி மருந்து கொடுத்து, சில மாதங்களில் மறுபடி உள்ளே பார்த்துப் புண் ஆறியிருக்கிறதா என்று சோதிப்பதும் உண்டு. டிபியை க்ரோன் என்று நினைத்து, நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பரவிவிடும். அதனால்தான் இந்தச் சுற்றுவழி.

அதற்காக எல்லோருக்கும் இது தேவையா? எந்தத் தொந்தரவும் இல்லாமல் புற்றுநோய்ச் சோதனைக்காக மட்டும் வருகிறவர்களிடம் இங்கே ஏதாவது அகப்படுவது அபூர்வம். நாள்பட்ட வயிற்றுப்போக்கோ ரத்தசோகையோ வலது அடிவயிற்று வலியோ இருப்பவருக்கு நிச்சயம் பார்க்க வேண்டும் என்பேன். பார்த்தாலும் அவசரப்படக் கூடாது: இளவயதில் அங்கே தெரியும் சின்னச்சின்ன முடிச்சுகள் பெரும்பாலும் இயல்பான நிணத்திசுதான், சில்லறைப் புண்கள் வலி மாத்திரையாலும் வரும். மூட்டுவலிக்கு மாத்திரை போடுகிறவர் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று, குழாய் பார்ப்பது பெரும்பாலும் பத்து, இருபது சென்டிமீட்டர்தான். சிறுகுடலின் நீளமோ பல மீட்டர். அங்கே ஒன்றும் இல்லை என்று வந்தும் ரத்தக்கசிவு நிற்காவிட்டால், விழுங்கும் கேமரா கேப்ஸ்யூலோ சிடி ஸ்கேனோ தேவைப்படும்.