அழித்தாலும் திரும்பி வரும் விளக்கு

வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத காரில் மஞ்சள் நிற செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. சர்வீஸ் சென்டரில் விடுகிறோம். ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, பதிவாகியிருக்கும் பழுதுக் குறியீட்டை அழித்து, “சரியாயிடுச்சுண்ணே, இனிமே வராது” என்று சாவியைக் கொடுக்கிறார்கள். சில நாள் கழித்துத் தேவகோட்டை போய்விட்டுக் காரைக்குடி திரும்பும் வழியில் அதே விளக்கு. மறுபடி போனால் மறுபடி அழிக்கிறார்கள். வாரண்டி இருப்பதால் காசு கேட்பதில்லை. ஆனால் வாரண்டியின் நாட்களும் கரைந்துகொண்டே போகின்றன.

இப்படித் திரும்பித் திரும்பி வரும் பழுதுக்கான தடயம் பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. அதைப் படிக்கும் முன்பே அழித்துவிடுவதுதான் உண்மையான சிக்கல். என்ன பதிவாகிறது, எப்போது பதிவாகிறது என்று தெரிந்துகொண்டால், பழுது பார்ப்பவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

எஞ்சினை நடத்தும் சிறு கணினிக்கு ஈசியூ என்று பெயர். எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்த நொடியில் தீப்பொறி வர வேண்டும் என்பதை எல்லாம் சென்சார்கள் தரும் அளவுகளை வைத்து அது முடிவு செய்கிறது. கூடவே அந்த சென்சார்களையும் கண்காணிக்கிறது. ஓபிடி எனப்படும் இந்தத் தற்கண்காணிப்பின் இரண்டாம் தலைமுறை 1996இல் அமெரிக்காவில் கட்டாயமானது. இந்தியாவில் பிஎஸ் 4 என்ற புகை விதிப்படி வந்த கார்களுக்கு 2013 ஏப்ரலில் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் 16 பின் கொண்ட சாக்கெட் இதற்கானதுதான்.

செட்டிநாட்டுக் கடைகளில் அன்றன்றைய வரவு செலவை முதலில் சிட்டையில் குறித்து, பிறகு பேரேட்டில் ஏற்றுவார்கள். ஈசியூவும் அப்படித்தான் இரண்டு படியாக எழுதுகிறது. புகை தொடர்பான பல பழுதுகளில், ஒரு ஓட்டத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டால் முதலில் ‘பெண்டிங்’ என்று மட்டும் குறித்து வைக்கும். விளக்கு எரியாது. அடுத்த ஓட்டத்திலும் அதே சோதனை தோற்றால்தான் குறியீட்டை உறுதி செய்து விளக்கைப் போடும். பிறகு மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து பழுதில்லாமல் போனால் விளக்கு தானாகவே அணையும். ஆனாலும் குறியீடு நினைவில் இருக்கும்; 40 முறை எஞ்சின் குளிர்ந்து மறுபடி நன்றாகச் சூடேறி ஓடிய பிறகே அது அழியும். ஆகவே விளக்கு எரியவில்லை என்பதாலேயே வண்டியில் பதிவு எதுவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. “இப்ப எரியலையே, எரியறப்ப கொண்டாங்க” என்று சொல்லி ஸ்கேனரை எடுக்காமலே அனுப்பினால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

குறியீடு பதிவாகும்போது கூடவே இன்னொன்றும் பதிவாகிறது. அந்த நொடியில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடியது, வண்டி என்ன வேகத்தில் போனது, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எத்தனை டிகிரி, எஞ்சினுக்கு எவ்வளவு பளு, எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தது ஆகிய எல்லாம் ஒரே வரியாகச் சேமிக்கப்படும். இதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். எனக்குக் குறியீட்டைவிட இதுதான் முக்கியம்.

ஏன் என்று ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். பி0171 என்ற குறியீட்டுக்கு, எரிவதற்குப் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். அவ்வளவுதான். எந்தப் பொருள் கெட்டது என்று அது சொல்வதில்லை. காற்றுக் குழாயில் ஒரு விரிசல் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே நுழையலாம். பெட்ரோல் பம்ப் வலுவிழந்திருக்கலாம். காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரில் தூசி படிந்து குறைத்துச் சொல்லலாம். மூன்றுக்கும் குறியீடு ஒன்றே.

எம்ஏஎஃப் சென்சார் உள்ள எஞ்சினில் ஃப்ரீஸ் ஃப்ரேம் இந்த முடிச்சைப் பெரும்பாலும் அவிழ்த்துவிடும். வண்டி சிக்னலில் நிற்கும்போது, எஞ்சின் 750 சுற்றில் ஓடுகையில், ஈசியூ பெட்ரோலை 20 சதவீதத்துக்கு மேல் கூட்டிக்கொண்டிருந்தது என்று பதிவாகியிருந்தால் விரிசலைத் தேட வேண்டும். இப்படி நின்றபடி ஓடும் ஐடிலில் எஞ்சின் உறிஞ்சும் மொத்தக் காற்றே கொஞ்சம். அதில் சிறு விரிசல் வழியே வருவதும் பெரிய பங்காகிவிடும். வேகம் கூடக்கூட அந்தப் பங்கு கரைந்துபோகும். மாறாக 3500 சுற்றில், பளு 80 சதவீதத்தைத் தாண்டியிருக்கும்போது பதிவாகியிருந்தால், பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில் போதிய அளவு வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்போது பம்பையும் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். ஒரே குறியீடுதான், ஆனால் போக வேண்டிய திசை நேர் எதிர். அழி என்ற பட்டனைத் தட்டும்போது குறியீட்டோடு இந்த வரியும் போய்விடுகிறது. அடுத்த முறை விளக்கு எரியும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

புகையைச் சுத்தம் செய்யும் ‘கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை’ என்று சொல்லும் பி0420ம் இப்படித்தான். கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஆக்சிஜன் சென்சார் உண்டு. பல கார்களில் இவை ஜிர்கோனியா பீங்கானால் ஆன ஒரு சின்ன மின்வேதிக் கலம். புகையில் ஆக்சிஜன் குறைந்தால் சுமார் 0.9 வோல்ட், மிகுந்தால் சுமார் 0.1 வோல்ட் காட்டும். கன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால் பின் சென்சாரின் அளவு அலையாமல் நிற்கும். அது முன் சென்சாரைப் போலவே ஏறி இறங்கினால் ஈசியூ கன்வெர்ட்டர் மேல் பழி போடும். ஆனால் சைலன்சர் இணைப்பில் ஒரு சிறு கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே போனாலும் சென்சார் ஏமாறும். விலை உயர்ந்த பாகத்தை வாரண்டியில் மாற்றியும் விளக்கு திரும்பி வருவதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது, ஒரே நேரத்தில் நான்கைந்து விளக்குகள் எரிவது. சக்கரம் பூட்டாமல், வண்டி சறுக்காமல், மேட்டில் பின்னால் உருளாமல் காக்கும் ஏபிஎஸ், இஎஸ்பி, ஹில் ஹோல்ட், சில வண்டிகளில் ஸ்டியரிங் விளக்கும் சேர்ந்துகொள்ளும். பார்த்தால் பகீரென்று இருக்கும். அத்தனையும் ஒன்றாகக் கெடுவது அரிது. காருக்குள் இருக்கும் கணினிகள் கேன் என்ற முறையில், முறுக்கிய இரண்டு வயர்கள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய முறை இது. ஒரு சக்கரத்தின் வேகத்தை ஒரு சென்சார் அளக்கிறது. அந்த எண்ணை மற்றவை எல்லாம் வாங்கிக்கொள்கின்றன. அந்த ஒரு சென்சார் தடுமாறினால் அதை நம்பி இருந்த எல்லாம் “என்னால் முடியாது” என்று ஒதுங்கிக்கொண்டு தத்தம் விளக்கைப் போடும். சென்சாருக்கு எதிரே சுழலும் காந்த வளையத்தில் பிரேக் டிஸ்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டாலோ, சென்சாரின் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கினாலோ போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் சேற்றில் ஓட்டிய மறுநாள் விளக்கு வந்து, வெயில் அடித்ததும் போய்விட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கனெக்டரைத்தான்.

விளக்குகள் கூட்டமாக எரிவதற்கு இன்னொரு காரணம் நம் ஊரில் ரொம்ப சகஜம். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் வீடு பூட்டிக் கிடக்கும். படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊரிலிருந்து வருவார்கள். அது வரைக்கும் கார் ஷெட்டிலேயே நிற்கும். நிற்கிற கார் தூங்குவதில்லை. அலாரம், லாக் ரிசீவர், கணினிகளின் நினைவு எல்லாம் சேர்ந்து 40 மில்லிஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று வாரத்தில் கிட்டத்தட்ட பாதி காலி. பேட்டரி பழையதாகவோ வெப்பத்தில் நொந்ததாகவோ இருந்தால் ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்டேஜ் 9க்கும் கீழே போகும். அப்போது சில கணினிகள் நின்று மறுபடி எழும்; மற்றவை “இவனைக் காணோம்” என்று ‘யு’ எழுத்தில் தொடங்கும் குறியீடுகளை எழுதி வைக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் தருகிறது, எல்லாம் சரியாகிவிடுகிறது. திருச்சிக்கோ மதுரைக்கோ 90 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினால் பேட்டரி நன்றாகத் தேறியிருக்கும். “ஒண்ணுமில்லையே” என்று சொல்லி அழித்து அனுப்புவார்கள். பழுதைக் காட்டப் போன பயணமே பழுதை மறைத்துவிடுகிறது. இந்த மாதிரி வண்டியை ராத்திரி முழுக்க அங்கேயே விட்டுவிட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது வோல்டேஜைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

டீசல் வண்டியில், புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டருக்கான டிபிஎஃப் விளக்கும் இதே கதைதான். அந்த ஃபில்டரில் சேரும் கரி எரிய வேண்டுமானால் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். காரைக்குடிக்குள்ளேயே சுற்றினால் அந்தச் சூடு வராது. ஹைவேயில் கொஞ்ச நேரம் ஓட்டினால் அணைந்துவிடும், அது பழுதில்லை. தினமும் நீண்ட தூரம் ஓடும் வண்டியில் வந்தால்தான் பழுது.

கண்டுபிடிக்க மிகக் கடினமானது கனெக்டர் உரசல். வயர்களைச் சேர்க்கும் பின்களுக்குப் பெரும்பாலும் வெள்ளீய முலாம் பூசியிருப்பார்கள். எஞ்சின் அதிர்வில் இரண்டு பின்களும் கண்ணுக்குத் தெரியாத அளவு முன்னும் பின்னும் உரசும். ஒவ்வொரு உரசலிலும் புதிய உலோகம் வெளிப்பட்டு, காற்றில் ஆக்சைடாகி, பொடியாக நடுவிலேயே தங்கும். அந்தப் பொடி மின்சாரத்தைத் தடுக்கும். வண்டி குலுங்கினால் தொடர்பு அறும், இன்னொரு குலுங்கலில் ஒட்டும். கழற்றிப் பார்ப்பதற்காகக் கனெக்டரை இழுத்துச் செருகினால் பொடி சுரண்டப்பட்டு, பழுது சில வாரம் காணாமல் போகும். சென்சாரை மாற்றியதும் சரியானது, பிறகு திரும்பி வந்தது என்றால் பல நேரம் நடந்தது இதுதான். சென்சாரை மாற்றும் சாக்கில் கனெக்டர் சுத்தமானது. உலோக அரிப்பும் பேட்டரியும் ஆராயப்படும் சிக்ரி, அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், நம் ஊரிலேயே இருக்கிறது. காரின் பழுதுகளில் எத்தனை மின்வேதியியல் என்று நினைத்தால் அந்த வளாகத்தைக் கடக்கும்போது எனக்கு மரியாதை கூடுகிறது.

இந்தக் கனெக்டர் பழுதைப் பிடிக்க மல்டிமீட்டரில் ஓம், அதாவது மின்தடை, பார்ப்பது போதாது. மீட்டர் அனுப்பும் மின்சாரம் மிகச் சிறியது. வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தால்கூட நல்ல அளவாகக் காட்டிவிடும். சுமையோடு ஓடும்போது வோல்டேஜ் எங்கே விழுகிறது என்று அளக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியின் மைனஸ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் பொதுவாக எர்த் சரியில்லை. வண்டியை ஓடவிட்டு, ஸ்கேனரில் நேரலை அளவைப் பார்த்துக்கொண்டே வயரை ஒவ்வொரு இடமாக ஆட்டிப் பார்ப்பது இன்னொரு முறை. நேரம் பிடிக்கும் வேலை, அதனாலேயே தவிர்க்கப்படுகிறது.

வயரிங்கைப் பார்க்கச் சொல்லும் முன் வெளிக்கடையில் போட்ட ஃபாக் லேம்ப், ஹாரன், கேமராவுக்காக எங்கேனும் வயரை வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிய வயரையும் எலி கடித்த வயரையும் வாரண்டியில் பொதுவாக ஏற்க மாட்டார்கள். மாதக்கணக்கில் நிற்கும் காரின் பானட்டுக்குள் எலி குடியேறுவது இங்கே புதிதல்ல.

வண்டியை விடும்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விளக்கு எரியும்போது ஓடிய கிலோமீட்டரும் தெரியும்படி டேஷ்போர்டைப் படம் எடுங்கள். காலை முதல் ஸ்டார்ட்டா, மழையா, ஏசி ஓடியதா, எத்தனை வேகம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எதையும் தொடும் முன் ஸ்கேன் செய்து, குறியீடுகளையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் பிரிண்ட் எடுத்து ஜாப் கார்டோடு இணைக்கச் சொல்லுங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘செக் எஞ்சின் விளக்கு மூன்றாம் முறை’ என்று உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுத வேண்டும். இத்தனை முறை பழுது திரும்பினால் காரை மாற்றித் தர வேண்டும் என்ற தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, காரைக்குடிக்காரர் என்றால் சிவகங்கையில், வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே பேசப்போவது இந்தக் காகிதங்கள்தான். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

மஞ்சள் விளக்குக்குத்தான் இந்த நிதானமெல்லாம். சிவப்பு நிற ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ வந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிக்கொண்டிருக்கலாம். வேகத்தைக் குறைத்து, வாய்ப்புள்ள இடத்தில் நிறுத்துங்கள்.

சரி செய்துவிட்டோம் என்று சொன்ன பிறகு ஒரு சோதனை உண்டு. குறியீட்டை அழித்ததும் ஈசியூவின் சோதனைகள் பல ‘முடியவில்லை’ என்ற நிலைக்குத் திரும்பும். கன்வெர்ட்டர் சோதனை போன்றவை எஞ்சின் நன்றாகச் சூடேறி, ஒரே சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் நடக்கும். சர்வீஸ் சென்டர் ஆள் ஊருக்குள் ஒரு ரவுண்டு போய் வந்து விளக்கு எரியவில்லை என்றால், சோதனையே இன்னும் நடக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். கைப்பேசியோடு புளூடூத்தில் இணையும் விலை குறைந்த ஸ்கேனரிலேயே, குறியீடு அழிக்கப்பட்ட பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எந்தச் சோதனைகள் முடிந்திருக்கின்றன என்பதைப் பெரும்பாலான புதிய கார்களில் பார்க்கலாம். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள். எல்லாச் சோதனைகளும் முடிந்திருந்து, பெண்டிங் பட்டியலும் காலியாக இருந்தால் வேலை நடந்திருக்கிறது. பழைய குறியீடு பெண்டிங்கில் மறுபடி முளைத்திருந்தால், விளக்கு எரியும் வரை காத்திருக்காமல் அந்தப் பதிவோடேயே திரும்பப் போய் ஜாப் கார்டு போடச் சொல்லலாம்.