பனைக்குப் பாளை, மேப்பிளுக்கு உறைபனி

பெங்களூரு சூப்பர் மார்க்கெட்டில் மேப்பிள் சிரப்பை, அதாவது மேப்பிள் மரத்தில் சொட்டும் நீரைக் காய்ச்சிய பாகை, பார்க்கும் தமிழருக்கு, பதநீர்ப் பாகு மாதிரிதான் போலிருக்கிறது என்று தோன்றும். பாதிதான் சரி. பாளையைச் சீவினால் ஊறும் பதநீர், இலை செய்த சர்க்கரை ஓடும் ஃபுளோயத்திலிருந்து வருவது. அதனால் குடிக்கும்போதே இனிக்கும். மேப்பிள் நீர் தண்ணீர் ஏறும் சைலத்திலிருந்து வருகிறது. சர்க்கரை 2 சதவீதம்தான், வாயில் வைத்தால் வெறும் தண்ணீர் போலத்தான் இருக்கும்.

குளிர் விலகாத நாளில் இலையே இல்லாத மேப்பிள் மரம் எப்படிச் சொட்டுகிறது? மேப்பிள் கட்டையின் நார்செல்களுக்குள் இருப்பது நீரல்ல, காற்று. இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்தச் செல்களின் உட்சுவரில் பனிக்கட்டி படர்ந்து, காற்றை நெருக்கும்; வேர் நீரை மேலே இழுக்கும். காலையில் 4, 5 டிகிரி வந்ததும் பனி உருகும், நெருங்கிய காற்று விரியும், நீர் துளை வழியே வெளியே தள்ளப்படும். இரவு உறைந்து பகல் உருகினால்தான் ஓட்டம். பெங்களூரின் மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரி, அதுவும் 1884இல். லால்பாக்கில் மேப்பிள் நட்டாலும் சொட்டாது!

கனடாவில் பிப்ரவரி, மார்ச்சில், குறைந்தது 25 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் 8 மி.மீ. துளை, 4–5 செ.மீ. ஆழம், வாய்ப்பக்கம் சற்றுத் தாழ்வாக. தூள் வெள்ளையாக வந்தால் உயிர்க்கட்டை. பழுப்பாக வந்தால் செத்த இடம், சொட்டாது. பழைய துளையைச் சுற்றிலும் மரம் அடைத்துக்கொள்வதால் ஆண்டுதோறும் இடம் மாற்ற வேண்டும். மொட்டு வெடித்தால் நிறுத்திவிடுவார்கள், சுவை கெடும்.

எத்தனை லிட்டர் நீர் வேண்டும் என்பதற்கு, 86ஐ நீரிலுள்ள சர்க்கரைச் சதவீதத்தால் (2) வகுத்தால் கணக்கு கிடைக்கும்: 43 லிட்டர் நீருக்கு ஒரு லிட்டர் சிரப். காய்ச்சி இறக்கும் பதம், தண்ணீரின் கொதிநிலைக்கு மேல் 4 டிகிரி. மும்பையில் அது 104. சுமார் 900 மீட்டர் உயரமுள்ள பெங்களூரில் 101தான். இங்கே 104 வரை காய்ச்சினால் அடியில் கற்கண்டு கட்டும். முன்பே இறக்கினால் புளிக்கும்.

சிரப்பை விட்டால் மேப்பிளை நாம் கேட்பது கச்சேரியில்: வயலினின் முதுகுப்பலகை, கழுத்து, தந்திகளைத் தாங்கும் குதிரை எல்லாம் வழக்கமாக அந்தக் கட்டைதான். உறவுமுறை இன்னும் நெருக்கம். லிச்சி, பூந்திக்கொட்டை, முடக்கத்தான் எல்லாம் இதே குடும்பம்.

வாங்கும்போது லேபிளில் ‘மேப்பிள் ஃப்ளேவர்’ என்றிருந்தால் பெரும்பாலும் சோளச் சர்க்கரைப் பாகு. அசல் சிரப்பில் பதப்படுத்தி கிடையாது. திறந்த பாட்டிலை வெளியே வைத்தால் மேலே பூஞ்சை ஆடை கட்டும். ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.