பதில் வராததைத் தோல்வி என்று பதிவு செய்யாதீர்கள்

ஒரு நிரல் இன்னொரு நிரலுக்குக் கோரிக்கை அனுப்பினால் வேலை முடிந்திருக்கும் அல்லது தோற்றிருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் நம்மில் பலர் நிரல் எழுதுகிறோம். முடிந்ததா இல்லையா என்பதே அனுப்பியவருக்குத் தெரியாத மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு.

நான் பணியாற்றிய ஓர் அமைப்பில், பணம் செலுத்தும் கோரிக்கைக்கு 30 விநாடிகளுக்குள் பதில் வராததால், எங்கள் நிரல் அதைத் தோல்வி என்று குறித்துக்கொண்டு மறுபடியும் அனுப்பியது. மறுமுனையிலோ முதல் கோரிக்கை சற்றுத் தாமதமாக, ஆனால் முறையாகவே நிறைவேறியிருந்தது. வாடிக்கையாளர் கணக்கிலிருந்து ஒரே தொகை இரண்டு முறை எடுக்கப்பட்டது. கோரிக்கை போகும் வழியில் தொலைந்ததா, பதில் திரும்பும் வழியில் தொலைந்ததா என்பதை டைம் அவுட்டை, அதாவது குறித்த நேரத்துக்குள் பதில் வராததை வைத்து ஒருபோதும் சொல்ல முடியாது.

ஆகவே ஒவ்வொரு செயலுக்கும் அனுப்புபவரே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்ணை இணைக்க வேண்டும். பெறுபவர் அந்த எண்ணைப் பணப் பதிவோடு ஒரே டிரான்ஸாக்‌ஷனில் (இரண்டும் சேர்ந்தே பதிவாகும், அல்லது இரண்டுமே பதிவாகாது) சேமித்து, மீண்டும் அதே எண் வந்தால் பழைய விளைவையே திருப்பித் தர வேண்டும். மறுமுயற்சிச் சுற்றுக்குள்ளேயே புதிய எண்ணை உருவாக்கிவிடும் தவறை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் இந்த ஏற்பாடு முழுவதும் வீணாகும். இணையத்தில் நிரல்கள் பேசிக்கொள்ளப் பயன்படும் எச்.டி.டி.பி. நெறிமுறையின் கோரிக்கை வகைகளில் கெட் (தகவலைப் பெறுவது), புட் (கொடுத்ததை அப்படியே வைப்பது), டெலீட் (நீக்குவது) ஆகியவை திரும்பத் திரும்ப அனுப்பினாலும் ஒருமுறை அனுப்பியதற்குரிய விளைவையே தர வேண்டியவை. புதிய செயலை ஒப்படைக்கப் பொதுவாகப் பயன்படும் போஸ்ட்டுக்கு அந்த உறுதி கிடையாது.

சர்வர் தன் பதிலோடு அனுப்பும் நிலைக் குறியீடுகளையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் படிக்க வேண்டும். கோரிக்கையிலேயே பிழை என்று சொல்லும் 400, 422 வந்தால் அதே கோரிக்கையை மீண்டும் அனுப்பிப் பயனில்லை. 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்), 503 (சேவை தற்போது இல்லை) வந்தால் பொறுத்து அனுப்பலாம். எவ்வளவு நேரம் என்பதை பதிலோடு வரும் ரீட்ரை-ஆஃப்டர் என்ற தலைப்புக் குறிப்பு சொல்லக்கூடும். 202 என்றால் கோரிக்கை ஏற்கப்பட்டது, வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். இடையிலுள்ள சர்வருக்கு உரிய நேரத்தில் பதில் கிடைக்கவில்லை என்னும் 504 வந்தாலோ நாம் மீண்டும் அந்த மூன்றாவது நிலையில்தான் நிற்கிறோம். பிழையை உள்ளே வைத்து, வெற்றியைக் குறிக்கும் 200 என்று பதில் அனுப்பும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். குறியீட்டை மட்டுமே பார்க்கும் கண்காணிப்புக் கருவிகளுக்கு அப்போது எல்லாம் நலமாகவே தெரியும்.

மறுமுயற்சிக்கும் அளவு வேண்டும். மூன்று அடுக்குகள் ஒவ்வொன்றும் மூன்று முறை முயன்றால், ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் கடைசி சர்வருக்கு 27 கோரிக்கைகள் போய்ச் சேரும். ஏதேனும் ஓர் அடுக்கு மட்டும், இடைவெளியை இரட்டித்துக்கொண்டே, சிறிது தற்செயல் தாமதமும் சேர்த்து முயலட்டும்.

அந்த இரட்டைப் பிடித்தத்துக்குப் பிறகு எங்கள் அட்டவணையில் வெற்றி, தோல்வி என்பவற்றோடு ‘நிலை தெரியவில்லை’ என்ற மதிப்பையும் சேர்த்தோம். அந்தப் பதிவுகளைத் தனி நிரல் ஒன்று எடுத்து, அதே அடையாள எண்ணைக் கொண்டு மறுமுனையிடம் விசாரித்து, உறுதியான விடை கிடைத்த பிறகே மாற்றியது. விடை கிடைக்காதவை ஒரு மனிதரின் பார்வைக்குச் சென்றன.