கோதுமை மாவு மஃபின் ஏன் கல்லாகிறது?

மைதாவில் பஞ்சு போல வரும் வாழைப்பழ மஃபின், அதே அளவுக்குக் கோதுமை மாவைப் போட்டால் கனத்துப்போகிறது. பலரும் உடனே சோடாவைக் கூட்டுவார்கள். கணக்கு தப்பியது தண்ணீரில்.

சப்பாத்தி மாவில் தவிடு உண்டு. அது தண்ணீரை நிறையக் குடிக்கும், ஆனால் நிதானமாக. போதாததற்கு, சக்கியில் (கல் திரிகையில்) அரைபடும்போது மாவுச்சத்து மணிகள் உடைகின்றன. உடைந்தவை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். கலக்கும்போது பதமாகத் தெரிந்தது பத்து நிமிடத்தில் இறுகிவிடுவது இதனால்தான். இந்தத் தாகத்துக்குப் பழம் சரியான துணை: வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர்.

பத்து மஃபினுக்கு: கோதுமை மாவு 180 கிராம், தோலுரித்து மசித்த பழம் 250 கிராம், வெல்லத்தூள் 80 கிராம், எண்ணெய் 60 மி.லி., தயிர் 60 மி.லி., முட்டை 1, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், ஆப்ப சோடா கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. பழத்தை எண்ணிப் போடாதீர்கள், எடை போடுங்கள். மோரிஸில் இரண்டரை பழம் வரும் எடைக்குப் பூவனில் நாலைந்து வேண்டும். தோல் கறுத்த பழமே நல்லது. மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும்.

மாவு, உப்பு, பவுடர், சோடாவைச் சேர்த்துச் சலியுங்கள். சல்லடையில் தங்கும் தவிட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள், சத்து அதில்தான். மற்றதையெல்லாம் தனியாக அடித்து, மாவில் ஊற்றி, கரண்டியால் பத்துப் பன்னிரண்டு முறை புரட்டினால் போதும். அங்கங்கே சிறு கட்டி இருக்கட்டும். மேலும் கிண்டினால் குளூட்டன், அதாவது கோதுமைப் புரதத்தின் இழை, முறுக்கேறும். அப்படிப்பட்ட மஃபினை நெடுக்காக வெட்டிப் பாருங்கள்: அடியிலிருந்து உச்சிவரை புழு துளைத்தது போல நீளப் பொந்துகள். இறுகிய மாவுக்குள் வாயு வழி தேடி ஏறிய தடம் அது.

தவிடு ஊறப் பத்து நிமிடம் போதும். அரைமணி போனால் சோடாவின் வாயு வீணாகும். தயிரின் புளிப்பு பட்டதுமே அது பொங்கத் தொடங்கிவிடுகிறது. சோடா கூடினால் புளிப்புக்கு ஈடாகாத மிச்சம் சோப்புச் சுவை தரும்.

நாவல்பழத் துண்டுகள் சேர்ப்பவர்கள் இந்த மிச்சத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் ஊதா நிறமி லிட்மஸ் தாள் மாதிரி: புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலம் கலந்த பச்சையாகும். மஃபினுக்குள் பச்சை வளையம் தெரிந்தால் பழம் கெட்டுவிடவில்லை, சோடாதான் அதிகம். எந்தப் பழத்துண்டானாலும் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கிக் கடைசியில் சேருங்கள். பெரிய துண்டு அடியில் போய் உட்காரும். உலர்ந்த மாவில் புரட்டிப் போட்டாலும் பெரிய பலன் இல்லை.

மஃபின் தட்டின் குழிகளில் முக்கால் அளவுக்கு நிரப்பி, முன்பே சூடான அவனில் 200 டிகிரியில் 7 நிமிடம், பிறகு 175-இல் 12 முதல் 14 நிமிடம். முதல் சூட்டில் நீராவியும் வாயுவும் வேகமாக விரிய, மேல்தோல் இறுகுவதற்குள் உச்சி எழும்பிவிடும். குச்சியில் ஈரத் துணுக்கு ஒட்டலாம், பச்சை மாவு ஒட்டக்கூடாது. நடுவில் 96 டிகிரி வந்திருந்தால் வெந்தது.

ஐந்து நிமிடத்தில் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையேல் அடி வேர்த்துச் சொதசொதவென்றாகும். வெல்லம் காற்றின் ஈரத்தை இழுப்பதால் மறுநாள் மேல்பக்கம் பிசுபிசுக்கும். இரண்டு நாளுக்கு மேல் வைப்பதென்றால் நன்றாக ஆறியபின் ஃப்ரீசரில் வையுங்கள்.