தன்னுரு: விளையாட்டு ‘அவதார்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

போன் விளையாட்டில் நமக்குப் பதிலாக ஓடிக் குதிக்கும் உருவத்தை ‘அவதார்’ என்கிறோம். நமக்குத் தெரிந்த ‘அவதாரம்’தான், ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. வடமொழியில் ‘அவ’ என்றால் கீழே, ‘த்ரு’ என்றால் கடந்து வருதல். தெய்வம் மண்ணுக்கு இறங்கி வருவது அவதாரம். 1985-இல் வந்த அல்டிமா 4 என்ற கணினி விளையாட்டில், நற்பண்புகளில் தேறியவரே ‘அவதார்’ ஆக முடியும். 1986-இல் ஹாபிடட் விளையாட்டு, ஆடுபவரின் திரை உருவத்துக்கே அந்தப் பெயரை வைத்தது.

நல்ல பழக்கம் ஊட்டும் விளையாட்டுகளில் இந்த உருவம் சாதாரணமானதல்ல. தன் சாயலுள்ள உருவம் ஓடுவதைப் பார்த்தவர்கள், பிறர் உருவம் ஓடக் கண்டவர்களைவிட அடுத்த 24 மணி நேரத்தில் அதிகம் உடற்பயிற்சி செய்தார்கள் என்று ஆய்வாளர்கள் ஜெஸ்ஸி ஃபாக்ஸும் ஜெரமி பெய்லென்சனும் 2009-இல் எழுதினார்கள். பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ இரும்புச்சத்து மாத்திரையைப் பழக்க ஒரு விளையாட்டு செய்து, ஆண், பெண் என்று இரண்டே பொம்மைகளை நீட்டினால், தன்னைத் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ உணரத் தொடங்கிய பிள்ளை முதல் திரையிலேயே ஒதுங்கிவிடக்கூடும்.

தமிழில் என்ன சொல்வது? அவதாரத்துக்குச் சொல்லும் ‘தோற்றரவு’ என்பது தெய்வத்துக்குரியது. தருமபுரிப் பக்கம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு ‘வேசம்’ வாயில் வரும். பாரதக் கூத்தில் ஆண்களே திரௌபதி வேசம் கட்டுவார்கள், விடிந்ததும் கலைப்பார்கள். கலைத்த பிறகு இருப்பவர்தான் நிஜ ஆள். நான் சொன்ன பிள்ளைக்கோ அன்றாடம் பள்ளிக்குப் போட்டுப் போகும் உடுப்புதான் வேசம். விளையாட்டில் தேர்ந்தெடுத்ததுதான் தன் உரு. ஆகவே ‘தன்னுரு’ என்றே எழுதலாம் என்பேன்.

இதற்குத் தமிழ் இலக்கணமே கைகொடுக்கிறது. ‘ஓடினான்’, ‘ஓடினாள்’ என்று படர்க்கையில்தான் பால் தெரியும். ‘ஓடினேன்’, ‘ஓடினாய்’ என்ற தன்மை, முன்னிலைச் சொற்களில் அது கிடையாது. விளையாட்டு பிள்ளையிடம் நேராக ‘நீ ஜெயிச்சிட்ட’ என்று பேசினால், பாலினம் கேட்கவேண்டிய இடம் பெரும்பாலும் வராது. மற்றவர்களைப் பற்றிச் சொல்லும்போது ‘வென்றார்’ போதும்.

பல வீடுகளில் ஒரே போனை அப்பா, அண்ணன், அத்தை எல்லோரும் எடுப்பார்கள். அதனால் தன்னுருவை நினைத்தபோது மாற்றவும் மறைக்கவும் வழி வேண்டும்; மதிப்பெண் பட்டியலில் அது தானாக வெளியே தெரியக் கூடாது.